மைக்குக்குத் தைத்த வெல்வெட் சட்டை

அந்தக் காலத்தில் மாத்தளையில் கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் நுஹ்மானின் மைக் செட்தான் வரும். அறுபதுகளின் கடைசியில் அவர் கொழும்புக்குப் போய் ஒரு புது மைக் வாங்கி வந்தார். பழையது நாலாபக்கச் சத்தத்தையும் அள்ளிக்கொள்ளும். ஸ்பீக்கரில் வருவதையே திரும்ப வாங்கி ஊளையிடும். புதியதோ முன்னால் நிற்பவரைத்தான் கேட்கும், முதுகுப்பக்கம் செவிடு. பனி படக்கூடாதென்று மனைவி ஹமீமா அதற்கு வெல்வெட் துணியில் இறுக்கமாக ஒரு சட்டை தைத்துப் போட்டாள்.

முதல் பயணம் எல்கடுவத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு. நேசம்மா டீச்சர் மாற்றலாகி யாழ்ப்பாணம் போகிறார், பிரியாவிடைக் கூட்டம். ஹமீமாவும் கூடவே வந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனமெல்லாம் திரண்டிருந்தது. டீச்சர் பாடவேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். நோயில் படுத்தெழுந்தபின் அவருடைய குரல் நூலாக மெலிந்திருந்தது. நுஹ்மான் சத்தத்தைக் கூட்டினார். மைக் வீறிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"விடுங்கோ தம்பி. எனக்குச் சத்தமாப் பாடேலாது," என்றார் டீச்சர்.

நுஹ்மானுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப்பக்கம்தானே வைத்திருந்தார்? மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தடவிப் பார்த்தார். வெல்வெட்டுக்கு அடியில், தலைக்குப் பின்னால், சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்பட்டன. சட்டென்று தையலைப் பிரித்தார். ஊளை நின்றது.

"என்னங்க, என்ன ஆச்சி?" என்று ஓடிவந்தாள் ஹமீமா.

"பின்னால வாற சத்தம் இந்தத் தொளையாலயும் உள்ள போகுது, சுத்திக்கிட்டு முன்னாலயும் போகுது. உள்ள இரிக்கிற தகட்ட ரெண்டு பக்கமும் ஒண்டாத் தள்ளினா அது அசையாது. அப்பதான் பின்சத்தம் கேக்காது. நம்மட சட்ட தொளய அடச்சிட்டுது."

ஹமீமா வாயைப் பொத்திச் சிரித்தாள். "அப்ப அது வெறும் மேலோடயே நிக்கட்டும்!"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கற்ற தாலாட்டு. வரிக்கு வரி அவர் மூச்சு வாங்குவதுகூடக் கடைசி வரிசை வரை கேட்டது. பாட்டு முடிந்தும் யாரும் எழும்பவில்லை.

"இன்னொருக்காப் பாடட்டே?" என்று டீச்சரே கேட்டார்.