தகட்டில் ஓடிய ஆடுகள்

உலோகத் தகட்டில் கீறி, அரித்து, மை தடவி, காகிதத்தில் அச்செடுக்கும் என் தொழிலில் கை கறுப்பதைவிட வாய் வலிப்பதுதான் அதிகம். தையல்கடையோ போட்டோ ஸ்டுடியோவோ வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக் களைத்த சகபாவிகளே, உங்களுக்குப் புரியும். என் படங்களை வெளியூர்க்காரர்கள் வாங்குவார்கள். தூத்துக்குடியில் ஒரு சுவரில்கூட ஏறியதில்லை. அந்த ஆதங்கத்தில் இருந்தபோதுதான், பைபாஸில் கறிச்சாப்பாட்டுக் கடை திறக்கவிருந்த ஓர் அண்ணாச்சி, கல்லாவுக்குப் பின்னால் மாட்ட ஆட்டுப் படம் கேட்டார்.

உரக்கடையில்

துத்தநாகத் தகட்டை அரிக்க, மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டும் உப்பும் கரைத்த தண்ணீர் போதும். உப்புக்கு இந்த ஊரில் பஞ்சமா? மயில்துத்தத்துக்கு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எதற்கென்று கேட்டார். படம், தகடு என்று ஆரம்பித்தால் மதியமாகிவிடும். “ஆட்டுக்கு” என்றேன். பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“யம்மா, பக்கத்து வீட்டு ஆடு செடியக் கடிச்சா வாயால ஏசுங்க, இத வச்சுக் கொன்னுபுடாதிய!”

தேரியில்

செம்மணல் தேரியில் போய் உட்கார்ந்தேன். ஆடுகள் ஓட, பனையோலைகள் அதே பக்கம் சாய, மணலும் கூடவே பறந்தது. எனக்கு வேண்டியது அந்த ஓட்டம். கீறிய இடம் மட்டும் அரிபடுவதற்காக வார்னிஷ் பூசிய தகட்டை மடியில் வைத்து, ஊசியைத் தகட்டிலிருந்து தூக்காமல் ஆட்டு முதுகிலிருந்து மணல்மேடு வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். அன்று கை நான் சொன்னதைக் கேட்டது.

ஆடு மேய்த்த அக்கா என்மேல் இரக்கப்பட்டு, இரண்டு ஆடுகளைக் காதைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். விடுங்கள், ஓடட்டும் என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“இதுகள ஓடாம நிறுத்தத்தான் நான் பொழுதன்னைக்கும் சாவுதேன், நீங்க ஓட வுடணும்ங்கியளே!”

கால் கணக்கு

முதல் அச்சை அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து முன்னால் ஓடும் ஆட்டின் கால்களை எண்ணினார். ஓடும் காலை ஒரே கோட்டில் பிடிக்க முடியாது. அடுத்தடுத்துப் பல கோடுகள் இழுத்தால்தான் கண்ணுக்கு ஓடும். அதிகப்படியைச் சுரண்டச் சொன்னார். சுரண்டினால் ஆடு நின்றுவிடும், மாட்டேன் என்றேன். கிடைத்த ஒரே உள்ளூர்ச் சுவரும் கைவிட்டுப் போகப் பார்த்தது. ஆனால் கோடு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“தங்கச்சி, ஆட்டுக்கு ஏழு கால் போட்டா, வாரவன் நாலு கால் சூப்பு போக மிச்சம் மூணு எங்கன்னு கேப்பான்லா!”

வீட்டம்மா தீர்ப்பு

பஞ்சாயத்து அவர் மனைவியிடம் போனது. கடை திறப்புக்கு முந்தின நாள், சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் முன் அந்த அம்மாள் வந்து நின்றார். “காலை எண்ணிப் பாரு” என்றார் அண்ணாச்சி. எண்ணவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் ஜெயித்தும்விட்டேன்.

“கால் எத்தனையா இருந்தா என்னங்க, இதுக உசுருக்கு ஓடுதத பாத்துட்டு எவனுக்குச் சுக்கா எறங்கும்? பேசாம நம்ம வீட்டுல மாட்டுங்க!”

ஆக, கல்லாவுக்குப் பின்னால் இப்போது விலைப்பட்டியல் தொங்குகிறது. நன்றாக வரைந்த குற்றத்துக்காகக் கடையைவிட்டு அனுப்பப்பட்ட ஓவியர் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.