வாசலை மறித்தவள்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்து லய வீட்டில் இருந்தோம். எனக்கு ஆறு வயது. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ஒரு சிப்பாய் வந்தான். அப்பாவைக் கொண்டுபோக விடாமல் நான் வாசலில் கைகளை விரித்து நின்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு அவன் போய்விட்டான்.

அந்த நினைவுதான் என்னை ஆளாக்கியது. வளர்ந்து நானும் வேலைக்குப் போன பிறகு, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியைத் தோட்டத்து மானேஜர் பால்வெட்டப் போகச் சொன்னபோது, "அவ வரமாட்டா" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சிப்பாயையே மறித்தவளுக்கு மானேஜர் எம்மாத்திரம்?

பல வருடம் கழித்து, அலோர் ஸ்டாரில் அக்கா வீட்டில் அவள் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் எழுந்து போனதும் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"வாசல்ல நின்னது நான்லா. நீ காய்ச்சல்ல படுத்திருந்தே."

"அப்புறம் ஏன் நான்னு சொன்னே?"

"பூட்ஸ் சத்தம் கேட்டாலே நடுங்குவே. நீதான் அவனை வெரட்டுனேன்னு சொல்லிச் சொல்லித்தான் உன்னைத் தூங்க வச்சேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, சிப்பாயை மறித்தது அவர்கள் அம்மா என்று சொன்னேன்.

மானேஜரை மறித்தது நான்தான். அக்கா கொடுத்த அந்த நினைவு இல்லாமல் அப்படி ஒருத்தி உருவாகியிருக்கவே மாட்டாள்.