தள்ளும்போது தெரிந்த பாரம்

காலை ஐந்து ஐம்பதுக்கு மூன்றாம் மாடிப் பல்கனிக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, உள்ளே ஆள் இல்லாமல் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த என் கார். அதில் வியப்பு ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் அது தினமும் நடப்பது. அன்று கார் பாதியில் நின்றுவிட்டது, அதுதான் புதிது. முன்பக்கத்தில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டாம் மாடித் துணி வியாபாரி நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றி பொனெட்டின் மேல் வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வாசலில் இருந்த காவலாளியும் வந்து சேர்ந்துகொண்டார். கார் இன்னும் ஒரு முழம் போய் மறுபடியும் நின்றது.

எங்கள் முற்றத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். இடம் குறைவு, கார்கள் அதிகம். கடைசியாக வருகிறவர் யாரையாவது மறித்துத்தான் நிறுத்தவேண்டும். அப்படி நிறுத்துகிறவர் கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட்பிரேக்கை இழுக்காமல், முன்சில்லுகளை நேராக்கி, கதவை மட்டும் பூட்டிவிட்டு மேலே போய்விடலாம். காலையில் வெளியே போகிறவர் அந்தக் காரைத் தள்ளி ஒதுக்கிக்கொள்வார். யாரும் யாரையும் நித்திரையால் எழுப்புவதில்லை. கடைசிச் சுவரில் பழைய டயர்கள் கட்டித் தொங்குகின்றன. தள்ளுகிற கார் முட்டினால் அவற்றில்தான் முட்டும். இந்த விதியை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. குடிவந்த முதல் கிழமையிலேயே எல்லோருக்கும் பழகிவிடும்.

ஒருமுறை முதலாம் மாடிக்கு லண்டனிலிருந்து வந்த மருமகன், வாடகைக் காரை ஹான்ட்பிரேக் இழுத்து நிறுத்திவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்போது முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஒவ்வொருவராக அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் ஆட்டோவில் போய்வந்தார்.

நான் கீழே இறங்கிப்போனபோது வியாபாரி புறக்கோட்டைக் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். முகம் வியர்த்திருந்தது.

“என்ன சேர், உள்ளுக்கு பழைய பேப்பரா ஏத்தி வெச்சீக்கிறீங்க?”

பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றது அவருக்குத் தெரியும். பின்னால் உதிரிச் சில்லும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் தவிர எதுவும் இல்லை என்றேன்.

“அப்ப வேற என்னமோ ஈக்கி. போன கிழம வரைக்கும் ஒரு கையால தள்ளினேன், மத்தக் கையில டீ. இப்ப தனிய ஏலா.”

காவலாளி ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அவரிடம் கேட்டேன். சில நாட்களாகவே இப்படித்தான் என்றார். தள்ளினால் நேராகப் போகாமல் இடது பக்கம் இழுக்கிறதாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு சாமான் ஏத்தியிருக்கீங்கன்னு நெனச்சோங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டியில் என் மனைவியின் அக்காவின் ஒரே மகனுக்குக் கல்யாணம். அக்காவை அந்தக் காரில்தான் கூட்டிப்போக வேண்டும், வேறு வாகனம் சரிவராது. பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலக்கையும் வலக்காலும் சொற்கேட்பதில்லை. ஆட்டோவுக்குள் குனிந்து ஏற முடியாது. வானின் படி உயரம். ஒருமுறை புதிய வாடகைக் கார் ஒன்றை வரவழைத்தோம். அதன் இருக்கையின் ஓரங்கள் மேலெழும்பியிருந்தன, கூரை முன்பக்கம் சரிந்திருந்தது. அவர் பாதி உள்ளே போனபின் முன்னுக்கும் வர முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. அவருடைய வீடு இருக்கும் கொட்டாஞ்சேனை வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதன்பிறகு வேறு வாகனத்தின் பேச்சை எடுக்கவே அவர் விடவில்லை.

என் காரின் முன் இருக்கை பலகைபோலத் தட்டையானது. கதவு அகலத் திறக்கும். முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேலேயுள்ள பிடியை இடக்கையால் பற்றித் திரும்பினால் போதும். வலக்காலை மகன் தூக்கி உள்ளே வைப்பார். சிகிச்சை நிலையப் பெண் அவருக்குக் கார் ஏறப் பழக்கியதே இந்தக் காரில்தான். கார் ஏதாவது தொந்தரவு கொடுத்தால் கல்யாணத்தைக் கைத்தொலைபேசியில் நேரடியாகக் காட்டலாம் என்று மகன் மெல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“போனில பாக்கிறதுக்கு நான் என்ன லண்டனிலயோ இருக்கிறன்?” என்று கேட்டாராம். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் பேசிய மிக நீளமான வசனம் அதுதான் என்றாள் என் மனைவி.

ஆகவே காரைத் தள்ள முடியவில்லை என்பதை நான் சும்மா விட முடியாது. ஆனால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முதல்நாள்கூட அதை ஓட்டினேன். எஞ்ஜின் எல்லாப் பாரத்தையும் இழுத்துவிடுகிறது. பெற்றோல் கொஞ்சம் கூடப் போவதைப் பார்த்து, வயதானால் எல்லோருக்கும் பசி கூடும் என்று நினைத்துவிட்டிருந்தேன்.

வாங்கும்போதே பழைய கார் அது. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறோம். இங்கே ஜன்னல் கம்பி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், கதவுப் பிணைச்சல் எல்லாம் துருப்பிடிக்கும். காரின் கதவு அடிகளையும் சில்லு வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுகிறேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்ப்பதும், ஒயில் பார்ப்பதும், பற்றரி முனையில் பூக்கும் வெள்ளையைச் சுரண்டுவதும் காலைத் தேநீர் போலாகிவிட்டன. இடப்பக்கக் கண்ணாடி ஏறும்போது உள்ளங்கையால் அணைத்துக் கொடுக்க வேண்டும். அதை அக்கா தன் இடக்கையால் நன்றாகச் செய்வார். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பழுதுகள். தெரியாதது ஒன்று உள்ளே இருந்திருக்கிறது.

பயணத்துக்கென்று முந்திய கிழமைதான் கொட்டாஞ்சேனையில் உள்ள கராஜில் சேர்விஸ் செய்திருந்தேன். ஒயிலும் பெல்ற்றும் மாற்றி, பிரேக்கும் பார்த்துத் தந்திருந்தார்கள். அதனால் மறுபடி போய் நின்றபோது கராஜ்காரருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

“பிரேக் புடிக்கலையா சேர்? புடிக்கலன்னா நான் மொட்ட அடிச்சுக்கிறேன்.”

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, காரைத் தள்ளுகிறவர்கள்தான் பாரம் என்கிறார்கள் என்றேன். ஸ்டார்ட் வராமலா தள்ளுகிறீர்கள் என்று அவர் திகைத்தார். எங்கள் முற்றத்தின் வழக்கத்தை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கேட்டு முடித்தவர், யார் தள்ளியது, எந்தப் பக்கம் இழுத்தது என்று மட்டும் கேட்டார். இடது பக்கம் என்றேன். காரை ஜாக் போட்டு உயர்த்தி ஒவ்வொரு சில்லாகக் கையால் சுற்றிவிட்டார்.

“மூணு சில்லு சுத்துது. இது சும்மா நிக்குது.”

பின் இடச்சில்லு. கழற்றித் திறந்ததும் கருகிய வாடை வந்தது. உள்ளே பிரேக் விடுபடாமல் எப்போதும் மெல்ல உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. கொழும்புக்குள் நின்று நின்று போவதால் சூடு ஆறிவிடுகிறது என்றார் அவர். கண்டிக்கு ஒரே ஓட்டமாகப் போனால் ஆறாது.

“திரும்பி கடுகண்ணாவ இறக்கத்துல வர்றப்போ காலால மிதிப்பீங்க. சூட்டுல பிரேக் ஒயில் கொதிச்சிருக்கும். அப்போ பிரேக் இருக்காது, சேர்.”

அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அக்காவின் மகன் அப்போதுதான் கராஜுக்குள் வந்துகொண்டிருந்தார். அவர்களுடைய வீடு பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. தன் கல்யாண வேட்டி வாங்கப் போனவர் என் காரைக் கண்டு திரும்பியிருந்தார்.

காரணம் ஹான்ட்பிரேக் கம்பி. உறைக்குள் ஓடும் அந்தக் கம்பியை எத்தனை காலம் இழுக்கவில்லை என்று கராஜ்காரர் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் முற்றத்தில் அதை இழுக்காமல் விடுவதுதான் மரியாதை. கம்பி அசையாமல் கிடந்தது, கடற்காற்று உறைக்குள் புகுந்தது, துரு பிடித்தது. அப்படியே கிடந்திருந்தால் ஒன்றும் இல்லை. யாரோ ஒருநாள் இழுத்திருக்கிறார்கள். திரும்ப விட்டபோது நெம்புகோல் கீழே வந்துவிட்டது. கம்பி உள்ளே பாதியில் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டதால் எவருக்கும் தெரியவில்லை.

மகன் முகம் வெளிறிப்போய் நின்றார்.

“நான்தான் இழுத்தனான், சித்தப்பா. சேர்விஸுக்குப் பிறகு காரை வாங்கிக்கொண்டு போனனெல்லே, அந்தக் கிளினிக் வாசல் சரிவு. அம்மாட காலைத் தூக்கி வைக்கேக்க கார் அசைஞ்சது.”

நான் பதில் சொல்வதற்குள் கராஜ்காரர் முந்திக்கொண்டார். இழுத்தது நல்லது தம்பி, இல்லாவிட்டால் கண்டியில் சரிவில் நிறுத்தும்போது முதல்முறையாக இழுத்திருப்பீர்கள், தள்ளிப் பார்க்க அங்கே ஆள் இருந்திருக்காது என்றார்.

கம்பி தேடி மகனும் நானும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். பழைய உதிரிப்பாகங்கள் கூரைவரை தொங்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். அந்த மொடலுக்கு இப்போது இல்லை, உடைத்து விற்க அடுத்த கார் வந்தால் எடுத்து வைக்கிறோம் என்றார்கள். கடைசிக் கடைக்காரர் சிங்களத்தில், எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார். கல்யாணம் என்றார் மகன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து பின்னறைக்குப் போய் இன்னொருமுறை தேடினார். கிடைக்கவில்லை. ஆனாலும் தேடினார்.

இரவு வீட்டில் பேச்சு வந்தது. ஹான்ட்பிரேக் இல்லாத காரில் அக்காவைக் கொண்டுபோவதா என்று மனைவி கேட்டாள். கராஜ்காரர் சொன்னதைச் சொன்னேன்: கால் பிரேக் வேறு, கைப் பிரேக் வேறு, துருப்பிடித்த கம்பியைக் கழற்றிவிட்டால் சில்லு விடுபட்டுவிடும், நிறுத்தும்போது சில்லுக்குக் கட்டை வைத்தால் போதும். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“முதல்ல நீங்கள் ஓட்டிப் பாருங்கோ. பிறகு அக்காவை ஏத்துவம்.”

சனிக்கிழமை கம்பி கழற்றப்பட்டது. உள்ளே புதிய பிரேக் பட்டைகள் போட்டார்கள். கராஜ்காரரே பக்கத்தில் ஏறிக்கொண்டார். களனிப் பாலம் தாண்டி வத்தளைவரை போய், நெரிசல் இல்லாத இடத்தில் வேகமாகவும் ஓட்டித் திரும்பினோம். கராஜ் வாசலில் இறங்கி நான்கு சில்லுகளையும் அவர் தொட்டுப் பார்த்தார், என்னையும் தொடச் சொன்னார். இடதும் வலதும் ஒரே சூடு. மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். சரி, அக்காவின் சேலையை மடித்து வைக்கிறேன் என்றாள்.

அன்று மாலை வியாபாரியின் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனேன். தள்ளுகிறவர் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் அந்த இறக்கத்தில் இருந்திருப்போம் என்றேன். அவருக்கு அது சங்கடமாக இருந்தது.

“நான் ஒங்களுக்காகவா தள்ளினேன் சேர்? என்ட கட தொறக்கத்தானே.”

அது உண்மைதான். அவர் தன் கடைக்காகத் தள்ளினார், காவலாளி தன் வேலைக்காகத் தள்ளினார். எனக்கென்று யாரும் எதையும் செய்யவில்லை. ஆனால் எத்தனையோ காலைகளில் நான் எழும்புமுன் அந்தக் காரில் கைவைத்தவர்கள் அவர்கள். அதன் பாரம் அவர்களுடைய கைகளில் பதிந்திருந்தது. நான் அவ்வளவு காலமும் அதை என் கார் என்று நினைத்திருந்தேன். நன்றியை இரண்டாம் முறையும் சொன்னேன். அவர் உள்ளே போய், மரத்தால் செய்த இரண்டு ஆப்புக் கட்டைகளைக் கொண்டுவந்து தந்தார். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் லொறிச் சில்லுகளுக்கு வைப்பவை. காவலாளியிடம் கதையைக் கேட்டு, அங்கே வேலைசெய்யும் மச்சானிடம் சொல்லி வரவழைத்திருக்கிறார்.

“எங்கட முத்தத்துக்கு ஹான்ட்பிரேக் தேவயில்ல. கண்டியில ஆக்கள் எப்படியோ தெரியா.”

ஞாயிறு விடியுமுன் கீழே வந்தோம். முற்றம் வழக்கம்போல நிறைந்திருந்தது. என் காரை மட்டும் யாரும் மறித்து நிறுத்தியிருக்கவில்லை. இடம் கிடைக்காத கார்கள் வெளியே ஒழுங்கையில் வரிசையாக நின்றன.

மாப்பிள்ளையான மகன் மற்ற உறவினர்களோடு வானில் முன்பே போயிருந்தார். கொட்டாஞ்சேனையில் அக்காவின் காலை அன்று மனைவி தூக்கி உள்ளே வைத்தாள். நான் பிரேக்கை மிதித்தபடி இருந்தேன். சில்லு விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கதையை மகன் அவரிடம் சொல்லியிருந்தார் போலும்.

“பிடிச்சா விடாதோ?” என்று அக்கா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பின்னால் இருந்த என் மனைவியைக் கண்ணாடியில் பார்த்தார். “எங்கட குடும்பம்தான்.”

வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி, இறங்கிச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் மெதுவாக ஏறியது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அக்கா ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி, மலைக்காற்று முகத்தில் படும்படி இருந்தார். மண்டபத்தின் வாசல் சரிவில் இருந்தது. நான் இறங்கிக் கட்டைகளைப் பின்சில்லுகளுக்கு வைத்தேன். பெண்வீட்டார் இருவர் கதவைத் திறக்க ஓடிவந்தார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அக்கா தானே திரும்பினார், காலை மனைவி இறக்கினாள்.

மேளம் கெட்டியாக ஒலித்தபோது அவர் மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். தாலி ஏறியதும் இடக்கையால் அறுகரிசி தூவினார்.