ஒன்றாம் எண் சட்டை

கோபாலனை நான் ரோஷக்காரன் என்று கேலி செய்வது வழக்கம். 1971-இல் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ஆபீஸில் யாரும் அவனிடம் நாலு வார்த்தை பேசமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ராஜா. இத்தாலியத் தொழிலாளர்களின் கால்பந்து கிளப்புக்கு அவன்தான் கோல்கீப்பர். மைதானமே "கோபா, கோபா" என்று கத்தும்.

கிளப்பை நடத்தியவர் ஐஸ்கிரீம் கடை ரொமானோ. மூன்று மாடி ஏறி வந்து, எங்கள் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்து, "எங்களுக்காக ஆடு" என்று கோபாலனை அழைத்த மனிதர். பாதி சீசனில், குளிர்காலத்தில், கடையை விற்றுவிட்டு இத்தாலிக்கே போய்விட்டார். கிளப் டைல்ஸ் வியாபாரி புரூனோவின் கைக்கு வந்தது. எல்லோரும் பயிற்சிக்கு வரவும் என்று புரூனோ ஒரு நோட்டீஸ் ஒட்டினார். அவ்வளவுதான்.

"என்னை வந்து ஒரு வார்த்தை கூப்பிடலையே, சேஷாத்ரி" என்றான் கோபாலன் என்னிடம்.

"இது என்ன கல்யாணமா, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்க? பேசாம போடா."

போகவில்லை. பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஷேவ் செய்து, பூட்ஸைத் துடைத்து வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். வாசல் மணி அடித்தால் எழுந்துவிடுவான். எனக்கு எரிச்சலாக வரும். நானாவது புரூனோவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் தப்பு.

கிளப் தோற்றுக்கொண்டே இருந்தது. மே மாதம் புரூனோ அதை ஒரு ஓட்டல்காரருக்குக் கைமாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டு, கடைசி ஆட்டத்துக்குக் கோபாலனை இழுத்துப் போனேன். ஏழு கோல் வாங்கினார்கள். கோலில் நின்றவர் சொந்த ஸ்வெட்டரோடு ஆடினார்.

ஆட்டம் முடிந்ததும் புரூனோ எங்களிடம் ஓடி வந்தார். பையிலிருந்து ஒரு பச்சைச் சட்டையை எடுத்தார். முதுகில் ஒன்றாம் எண்.

"இதை யாருக்கும் கொடுக்கவில்லை. வாராவாரம் கொண்டுவந்தேன். நீ ரொமானோவின் ஆள், என்னிடம் ஆடப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன்."

"அடுத்த ஞாயிறே வருகிறேன்" என்றான் கோபாலன், அவசரமாக.

புரூனோ தலையைக் குனிந்துகொண்டார். புது முதலாளிக்கு மைதானத்து கேன்டீன் மட்டும் போதுமாம். கிளப்பைக் கலைத்துவிட்டாராம். சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு கோபாலன் அழுதான். நானும்தான்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. போன மாதம் என் மகளுக்கு முதல் பிறந்தநாள். காலையிலேயே கோபாலன் பொம்மையோடு வாசலில் நின்றான்.

"உன்னை நான் இன்னும் கூப்பிடவே இல்லையேடா!" என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டேன்.

"ஒரு தடவை காத்திருந்து பார்த்தாச்சு, சேஷாத்ரி" என்றான்.