மேலூர்ப் பக்கம் ஓர் அசனம்: முத்துமாரிக்கு இலை, எனக்கு வாளி

எட்டு மாதங்களாக மதுரையில் ஒரு சபைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். வேலை மாற்றலாகி நாகர்கோவிலிலிருந்து வந்து, திருநகரில் வீடு பிடித்த முதல் ஞாயிறு, புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். கைதட்டி, ஆளுக்கு ஒரு வசன அட்டை கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். ஊர்ச் சபையிலிருந்து வாங்கிவந்த கடிதத்தை அலுவலகத்தில் நீட்டியபோதும் எழுத்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெயரைக் கடிதத்தைப் பார்த்தே ஏட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் வாரத்திலிருந்து நான் புது ஆளும் இல்லை, பழைய ஆளும் இல்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வேப்பமரத்தடியில் காபி டம்ளரோடு கும்பல் கும்பலாக நிற்பார்கள். நான் ஸ்கூட்டி பக்கத்தில் நின்று, வராத மெசேஜை செல்போனில் தேடிக்கொண்டிருப்பேன். அப்படி முப்பது ஞாயிறுகளுக்கு மேல் ஆகிவிட்டன. போன மாதம் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். "ஏட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இங்கே ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை என்பதால் எடுப்பதில் சிரமம் இருக்காது." எழுதி, மடித்து, பைபிளுக்குள் வைத்திருந்தேன். கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை.

அந்த நிலையில்தான், மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்துச் சபையில் அறுப்பின் பண்டிகை, மதியம் அசனம் என்று அறிவித்தார்கள். சபையார் சேர்ந்து சமைத்து, வந்தவர்கள் எல்லாருக்கும் பந்தி போடுவதை அசனம் என்போம். எங்கள் ஊர்ப் பக்கம் அதற்காகவே லீவு போட்டு வருவார்கள். எனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். அங்கே ஒருவராவது என் பெயரைக் கேட்டால் கடிதத்தைக் கிழித்துவிடுவது. கேட்கவில்லையென்றால் திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிட்டு, இனி எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் முத்துமாரியைக் கூப்பிட்டேன். என்னோடு வேலை செய்கிறவள், வில்லாபுரத்துப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள். மாதம் தவறாமல் அழகர்கோயில் போகிறவள். "கறிச்சோறு உண்டுல்லக்கா? அப்ப வாரேன்" என்றாள்.

திருநகரில் காலை 7.05க்கு டவுன் பஸ். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் காசு இல்லை. மாட்டுத்தாவணி சேர ஐம்பது நிமிடம் ஆனது. அங்கே காத்திருந்த முத்துமாரி ஏற்கெனவே இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம், அதற்கு மேலே திருநீறு. எனக்கும் பூ நீட்டினாள். எனக்குப் பூ வைக்கிற பழக்கமில்லை என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மேலூர் பஸ்ஸுக்கு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய், முக்கால் மணி நேரம். மேலூரிலிருந்து ஏழு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் முத்துமாரியைப் பார்த்து, "அசனத்துக்கா? இப்பவே ஆறு டிரிப்பு அடிச்சிட்டேன். கடைசிப் பந்தியில உக்காருங்க தங்கச்சி, அப்பத்தான் அண்டாவோட அடிக்கறி வரும்" என்று யோசனை சொன்னார். என்னிடம், "பைய மடியில வைங்கக்கா, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்" என்றார். பொறாமை அங்கேயே லேசாகத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

கோயில் சின்னது, ஓட்டுக்கூரை. வாசலில் கரும்பும் வாழைத்தாரும் கட்டியிருந்தார்கள். பலிபீடத்துக்கு முன்னால் பூசணி, நெல் மூட்டை, கால் கட்டிய இரண்டு சேவல்கள். உள்ளே காலெடுத்து வைத்ததுமே போதகரின் மனைவி, பாஸ்டரம்மா என்று எல்லாரும் கூப்பிடும் அம்மா, ஓடிவந்து முத்துமாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா, வா. எந்தூரு? பேரென்ன கண்ணு? முத்துமாரியா! எம்புட்டு அழகான பேரு! ஏய், அந்தச் சேர இங்கிட்டுப் போடுங்க!"

பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, முத்துமாரிக்கு மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் சேர். பூ இல்லாத என் தலையையும் வெறும் நெற்றியையும் கையிலிருந்த ஜிப் வைத்த பைபிளையும் பாஸ்டரம்மா ஒரு பார்வை பார்த்தார். "நீங்க உள்ள போங்கக்கா" என்று பாயைக் காட்டினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும்.

புதியவர்கள் எழும்பும் நேரம் வந்தது. முத்துமாரி எழுந்தாள். நானும் எழுந்தேன். போதகர் சிரித்துக்கொண்டே, "நீங்க நம்ம ஆளுதானம்மா, உக்காருங்க" என்றார். முத்துமாரிக்குக் கைதட்டல், மாலை, ஒரு குட்டிப் புதிய ஏற்பாடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. பிறந்த பன்னிரண்டாம் நாளிலிருந்து கோயிலில் கிடப்பவள் நான். கீர்த்தனை அத்தனையும் புத்தகம் பார்க்காமல் பாடுவேன். அவள் ஆமென் எங்கே சொல்வது என்றுகூடத் தெரியாமல் எல்லாரையும் பார்த்துப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாலை!

பன்னிரண்டரைக்குப் பந்தி. பைபிளை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்புவதற்குள் பாஸ்டரம்மா ஒரு வாளியை என் கையில் திணித்தார். "யக்கா, சாம்பாரப் பிடிங்க. ஆளு பத்தல."

இப்படியாக, திருநகரிலிருந்து மூன்று வண்டி மாறிப் போன நான், முன்பின் தெரியாத ஊரில் மூன்று பந்திக்குச் சாம்பார் ஊற்றினேன். முத்துமாரி முதல் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தார். அவள் இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தார்கள். வேண்டுமென்றே அவளுக்கு ஒரு கரண்டி சாம்பார் அதிகமாக ஊற்றினேன், கறிக்குழம்பு கெட்டுப்போகட்டும் என்று. அற்பத்தனம்தான். "போதும்க்கா, போதும்க்கா" என்று சிரித்தாள், பாவம்.

நாங்கள் பரிமாறியவர்கள் கடைசியாகச் சாப்பிட்டோம். அடிக்கறி எனக்கு வந்தது. ஆட்டோக்காரர் சொன்னது உண்மை, அப்படி ஒரு ருசி. ரசம் பரிமாறிய பெண்ணும் சோறு போட்ட பெண்ணும் என்னோடு உட்கார்ந்து, வாளியின் கைப்பிடி சுட்டதைப் பற்றி, உப்பைப் பற்றி, வெயிலைப் பற்றியெல்லாம் பேசினார்கள். பெயரை மட்டும் கேட்கவில்லை. மூன்றே காலுக்கு ஆட்டோ ஏறினோம். முத்துமாரி மடியில் ஒரு பூசணிக்காய், ஒரு தூக்குவாளி நிறையக் கறி. செல்போனில் ஏழு பேருடைய நம்பர்.

மேலூரில் பஸ் ஏறியதும் அவள் பெருமூச்சு விட்டாள். "உங்களையாச்சும் வேல வாங்குறாக. என்னைய எந்திரிக்கவே விடலக்கா. ஒரு எலை எடுக்கப் போனேன், எல்லாரும் பதறுறாக. கண்ணாடிப் பாத்திரம் கணக்கா வச்சிட்டாக."

"மால விழுந்துச்சுல்ல, பேசாம வா" என்றேன். மனசு ஆறவில்லை. மனதுக்குள் திங்கட்கிழமை வந்துவிட்டிருந்தது.

ஒத்தக்கடை தாண்டும்போது அவள் செல்போன் அடித்தது. பாஸ்டரம்மா. முத்துமாரி கேட்டுவிட்டு முகம் மாறி என்னிடம் நீட்டினாள். "உங்களத்தான் கேக்குறாக. பைபிள விட்டுட்டு வந்துட்டீகளாம்."

செல்போனை வாங்கிக் காதில் வைத்தேன். கடிதம் அதற்குள்தான் இருக்கிறது.

"யாருதுன்னு பாக்கத் தொறந்தேன். உள்ள ஒரு கடுதாசி இருந்துச்சு. படிச்சிட்டேன், தப்புத்தான், மன்னிச்சிருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நம்ம ஆளுன்னு நெனச்சு வாளியக் குடுத்தேன். பேரக் கேக்கல பாருங்க. கடுதாசிக்குக் கீழ உங்க பேரு இருக்கு. அதப் பாத்துக் கூப்பிட எனக்கு மனசு வரல. நீங்களே சொல்லுங்க. உங்க பேரென்ன?"

சொன்னேன். பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எஸ்தர் ஜெபராணி!" முத்துமாரி பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பந்தயத்தில் ஜெயித்தேனா என்று தெரியவில்லை. கோயிலுக்குள் வைத்து யாரும் கேட்கவில்லையே என்று ஒரு மனது வம்பு பண்ணுகிறது. நகரத்துச் சபையில் எதுவும் மாறவில்லை, வேப்பமரத்தடிக் கும்பல் அப்படியேதான் நிற்கிறது. கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அது பாஸ்டரம்மாவிடம் இருக்கிறது. நேரில் வந்தால்தான் தருவாராம்.

போக நினைப்பவர்களுக்கு: அறுப்பின் பண்டிகை ஊருக்கு ஊர் வேறு வேறு ஞாயிறுகளில் வரும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்பதரைக்குள் போனால் ஓட்டுக்கூரையின் கீழ் இடம் கிடைக்கும். போக வரப் பெண்களுக்குத் தலைக்குத் தொண்ணூறு ரூபாய் போதும். எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை, சாப்பிடலாம். நெற்றியில் குங்குமம் இருந்தால் உங்களுக்குச் சேர் நிச்சயம். கையில் பைபிள் இருந்தால் வாளி நிச்சயம். வாளியை நீட்டினால் உடனே வாங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு வாங்குங்கள்.