பதினேழு வளைவுகளும் வாய் திறக்காமல்

அரையாண்டு விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, அம்மா வேலை செய்யும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனேன். போனில் பேசினாலே தோட்டத்துக் குறைகள் அதிகாரிகள் வரை போகும் என்று அம்மா சொன்னாள். அது எப்படி என்று பார்க்கத்தான் போனேன். இதைப் போர்வைக்குள் அவள் போனில் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

போடியில் எங்கள் தெருமுனைக்குக் காலை ஐந்தரைக்கு ஜீப் வந்து ஹார்ன் அடிக்கும். போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது படிக்கும் நான் அம்மா மடியில் உட்கார்ந்து போனேன், அதனால் எனக்கு ஜீப் காசு இல்லை. தூக்கக் கலக்கத்தில் யாரிடமும் பேசவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்வி அக்கா வந்தார். லாப நோக்கமில்லாத ஒரு குழுவில் வேலை செய்கிறார். அவர்கள் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அதுவே திரும்பக் கூப்பிடும். ஒன்றை அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம், இரண்டை அழுத்தினால் நாம் பேசலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். பேசியவர் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஏற்றுவார்கள். அதிகாரிகளுக்கும் அனுப்புவார்கள்.

அம்மாவுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. பக்கத்து வரிசையில் பூச்சிமருந்து அடிக்கும்போதே இவர்களைக் காய் பறிக்கச் சொல்கிறார்கள். பல நாள் தலைசுற்றலோடுதான் வீடு வருகிறாள்.

“அப்பறம் ஏன்க்கா யாரும் பேசல?” என்று செல்வி அக்காவிடம் கேட்டேன்.

“நம்பரு மறையும், கொரலு மறையுமா? போன மாசம் பாண்டியம்மா பேசுச்சு. ‘ஐயா’ன்னு ஆரம்பிக்கையிலேயே மலையே கண்டுபிடிச்சிருச்சு. பத்து நாளு ஜீப்புல ஏத்தல, அத்தன நாளு கூலியும் போச்சு.”

“மெஷின்ல கொரல மாத்துனா?”

“மாத்துனோமே. பேய் பேசுதுன்னு சிரிச்சுப்புட்டு ஒருத்தரும் கேக்கல.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண்டியம்மா அத்தை கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏத்தா, ஒங்கொரல் இங்க யாருக்குத் தெரியும்?”

அம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள். “வெரசா பேசு.”

மேட்டில் ஏறி மிஸ்டு கால் கொடுத்தேன். அது திரும்பக் கூப்பிட்டதும் இரண்டை அழுத்தி, அம்மாவின் பூச்சிமருந்துக் குறையைச் சொன்னேன்.

செல்வி அக்கா அங்கேயே கேட்டுச் சரிபார்த்து ஏற்றிவிட்டார். நான்கு மணிக்கு இறங்கும் ஜீப்பில் தோட்டத்துச் சூப்பர்வைசர் முன்சீட்டில் இருந்தார். முதல் வளைவு வருவதற்குள் டிரைவர், அந்த எண்ணில் புதிதாக வந்ததைக் கேட்க, போனில் ஸ்பீக்கரைப் போட்டார். என் குரல்.

“யாருண்ணே இந்தப் புள்ள? வக்கீலு கணக்கா பேசுது!” என்றார் டிரைவர்.

“நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்குற புள்ள இல்ல. யாருன்னு கண்டுபிடிச்சிருவோம்,” என்ற சூப்பர்வைசர் திரும்பி என்னைப் பார்த்தார். “பாப்பா, எத்தனாவது படிக்கிற?”

ஒன்பது விரல்களைக் காட்டினேன்.

“குளிரு ஒத்துக்கல சார். தொண்ட கட்டிப்போச்சு,” என்றாள் அம்மா.

“ஸ்வெட்டரு போடுன்னா கேட்டாத்தானே!” என்று பாண்டியம்மா அத்தை என்னைத் திட்டினார். சூப்பர்வைசர் பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. பதினேழு வளைவுக்கும் அதை வாயில் அடக்கிக்கொண்டே வந்தேன்.

மலையில் எல்லோருக்கும் எல்லோர் குரலும் தெரியும் என்பது அந்த மெஷினைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைச் சரிசெய்தது பெண்கள்தான். நீங்கள் போவதாக இருந்தால் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். உங்கள் ஊரில் இப்படி ஓர் எண் இருந்தால், வேற்றூர்க்காரர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். பேசியவரை அன்றைக்கே ஜீப்பில் ஏற்றாதீர்கள்.

இப்போது மணி பதினொன்று. ஐந்தரைக்கு ஹார்ன் அடித்தால் அம்மாவுக்கு ஜீப்பில் இடம் இருக்கிறது என்று அர்த்தம்.