கன்னி மூலைக்குப் போகக் கூடாத தண்ணீர்

‘நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்’ என்று டாக்டர் சொன்ன அன்று காலையில்தான், எங்கள் கீழ்வீட்டுக் குளியலறை மறுபடியும் குளமாகியிருந்தது.

குளித்த தண்ணீர் இறங்கவில்லை. அதோடு நின்றதா? களக், களக் என்று சத்தம் போட்டபடி, முந்தின நாள் போன தண்ணீரும் சேர்ந்து மேலே வந்தது. சோப்பு நுரை, அரப்புத் தூள், யாருடையது என்று யாருமே ஒப்புக்கொள்ளாத முடி... எல்லாம் கணுக்கால் வரைக்கும் வந்து மிதந்துகொண்டிருந்தன.

வேறு ஒரு நாளாக இருந்தால் துடைப்பத்தை எடுத்துத் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் வரப்போகிறவர் என் மாமனார். இதே குளியலறையில், இதே தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர். ‘பாத்ரூம் தரை காய்ஞ்சு இருக்கணும். இன்னொரு தடவை விழுந்தா எழுந்து நடக்கிறது கஷ்டம்’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாடியில் இன்னொரு குளியலறை இருக்கிறதுதான். வாக்கர் பிடித்து நடக்கிறவர் மாடி ஏறுவாரா?

இந்த அடைப்புக்கு நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கடையில் விற்கும் பவுடரைக் கொட்டினோம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினோம். ஓட்டைக்கு வலை போட்டோம். ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியால் என் வீட்டுக்காரர் அமுக்கி அமுக்கி எடுத்து, தோள்பட்டை வலி வந்து, அதற்குத் தைலம் தேய்த்தது நான்.

“எல்லாம் உன்ற முடிதான்” என்பார் அவர்.

என் தலையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? இருப்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு பிளம்பர் வருவார். மலையாளி. நல்ல மனிதர்தான். நீளமான ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுக் குடைவார். ஒரு உருண்டை வெளியே வரும். தண்ணீர் இறங்கும். நாங்கள் காபி கொடுப்போம். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் களக், களக்...

ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அவர் தொடங்குவார்: “சேச்சி, இந்தப் பைப்புக்கு ஸ்லோப்பே இல்லை கேட்டோ...”

உடனே என் வீட்டுக்காரர் மாமாவின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, வாயில் விரலை வைப்பார். பிளம்பரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஸ்லோப் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும்! எலப்புள்ளியில் எங்கள் வீடு இருக்கும் நிலம் தென்மேற்குப் பக்கம் சரிகிறது. குளியலறைச் சுவரைத் தாண்டினால், ஒரு கூப்பிடு தூரம்கூட வேண்டாம், எட்டிப் பிடிக்கிற இடத்தில் இரண்டு தென்னை மரங்கள். பைப்பை நேராக விட்டால் தண்ணீர் தானாக மரத்தடிக்குப் போய்விடும். தென்னைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஆனால் தென்மேற்கு என்பது கன்னி மூலை ஆயிற்றே. அழுக்குத் தண்ணீர் அங்கே போகலாமா?

அதனால் வீடு கட்டும்போது பைப்பை அந்தப் பக்கம் விடாமல் திருப்பி, சமையலறையைச் சுற்றி, வளைவுக்கு மேல் வளைவு போட்டு, மேட்டுப் பக்கமாக வடமேற்கு மூலைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பாவம், அந்தத் தண்ணீருக்கு வாஸ்து தெரியவில்லை. பாதி தூரம் போய்ப் பார்த்துவிட்டு, முடியாமல் திரும்பி வந்துவிடுகிறது.

இது மாமாவின் முடிவு. மாமாவின் முடிவை மாமா முன்னால் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

அன்று காலையிலும் என் வீட்டுக்காரர் பைப்பைப் பற்றிப் பேசவில்லை. “மரப்பலகை ஒண்ணு போட்டு உசரம் பண்ணிட்டா, அப்பா அதும் மேல நின்னு குளிச்சுக்குவாரு” என்றார்.

வழுக்கி விழுந்தவரை ஈரப் பலகை மேல் ஏற்றி நிறுத்துவதாம்! எனக்கு வந்த கோபத்தில் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டேன்.

“ஏனுங்க, உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன். வண்டிய எடுங்க.”

ஆஸ்பத்திரியில் மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏனம்மிணி, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?” என்றார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. நேராகவே சொன்னேன்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. பாத்ரூம் தண்ணி கன்னி மூலைப் பக்கம்தான் போகோணுமுங்க. வேற வழியே இல்லீங்க.”

“உட்டுற வேண்டீதுதான? யாரு வேண்டாம்னாங்க?”

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். “நீங்கதானுங்கப்பா...”

“நானா? எனக்கு மூலையும் இல்ல, முடுக்கும் இல்ல. காலம் பூராத் தென்னைக்குத் தண்ணி கட்டுனவன்டா நான். பள்ளம் எங்க இருக்குதோ அங்கதான் தண்ணி போகும். இது எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்குங்க மாமா அத்தன சுத்து?”

மாமா ரொட்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார்.

“உன்ற அப்பாதான் அம்மிணி. ஊடு கட்டறப்போ பாக்க வந்தாருல்ல? கைய நீட்டி, ‘கன்னி மூலையில அழுக்குத் தண்ணி ஆகாதுங் சம்பந்தி’ன்னாரு. பொண்ணக் குடுத்த மனுசன் சொல்லிட்டாரு, மீற முடியுமா? பைப்ப அக்கட்ட திருப்பச் சொல்லிப்போட்டேன்.”

இத்தனை நாளாக இந்த மனுசனைத்தானே மனசுக்குள் திட்டிக்கொண்டே துடைப்பம் பிடித்தேன்?

“உளுந்து இடுப்பு ஒடஞ்சப்பக்கூடச் சொல்லலீங்களே மாமா...”

“சொன்னா உன்ற அப்பாவக் கொற சொன்ன மாதிரி ஆகும். உனக்குச் சங்கடமா இருக்கும். இடுப்புக்கென்ன அம்மிணி, ஒட்டிக்கும்.”

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வராந்தாவுக்கு ஓடிவந்து பொள்ளாச்சியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்கப்பா, எங்க ஊடு கட்டறப்போ கன்னி மூலையப் பத்தி மாமாகிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?”

“நானா? நெனப்பில்லியே கண்ணு.” கொஞ்சம் யோசித்தார். “சொல்லியிருப்பேன். ஊட்டச் சுத்திக் காட்டறாங்க, சும்மா மண்டைய ஆட்டிட்டே நிக்க முடியுமா? மருவாதிக்கு ஏதோ ஒண்ணு சொல்லோணுமல்ல?”

“அங்க நம்ம ஊட்ல தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்க?”

“அது கன்னி மூலைக்குத்தான் போகுது. பள்ளம் அங்கதான கண்ணு இருக்குது?”

போனை வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

யோசித்துப் பாருங்கள். மரியாதைக்காக ஒருவர் சொன்னார். மரியாதைக்காக ஒருவர் கேட்டுக்கொண்டார். மரியாதைக்காக நாங்கள் வாயைத் திறக்கவில்லை. சொன்னவருக்கு நம்பிக்கை இல்லை, செய்தவருக்கும் இல்லை. முறிந்தது மட்டும் நிஜமான எலும்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு சட்டம், யார் போட்டது என்றே தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்... பதில் விபரீதமாக வரலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

மறுநாள் காலையிலேயே பிளம்பர் வந்தார். சுவரில் துளை போட்டு, தென்னை மரத்தடிக்கு நேராக ஒரு பைப். காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம், அவ்வளவுதான் வேலை. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். சத்தமே இல்லாமல் போய்விட்டது. நம்பிக்கை வராமல் இன்னொரு பக்கெட் ஊற்றினேன். அதுவும் போய்விட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமா வாக்கரை ஊன்றிக்கொண்டு குளியலறைக்குப் போனார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகக் குளித்தார். வெளியே வந்தபோது தரை காய்ந்துகொண்டிருந்தது. நான் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் வீட்டுக்காரர் பார்க்காத மாதிரி போனார்.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பா சம்பந்தியைப் பார்க்க வந்தார். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தார். இடுப்பை விசாரித்தார். விழுந்த கதையைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். பைப்பைப் பற்றி மாமாவும் மூச்சு விடவில்லை, அப்பாவும் விடவில்லை. இருவரும் முன் வராந்தாவில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொண்டுவந்தேன்.

அப்பா வாசலை ஒரு சுற்றுப் பார்த்தார். கையை நீட்டினார்.

“ஏனுங் சம்பந்தி, இந்தக் கேட்டு கொஞ்சம் அக்கட்ட தள்ளி இருந்துதுன்னா...”

“சொல்லுங் சம்பந்தி” என்று மாமா பணிவாக வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கவே ஆரம்பித்துவிட்டார்.

“அப்பா!” என்றேன். “காபி ஆறுதுங்க. வாயில ஊத்துங்க மொதல்ல.”